புதுப்பிப்பு: பென்சில்வேனியாவின் கைவிடப்பட்ட டர்ன்பைக்கில் நடை

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டர்ன்பைக் எனும் சுங்க நெடுஞ்சாலையின் கைவிடப்பட்ட பகுதியில், மலையைக் குடைந்த சுரங்கப்பாதைகள் வழியாக நடக்கலாமா, கைபேசி டார்ச் போதுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்தாச்சு.

பாதையின் ஒரு முனையில் இருக்கும் பிரீஸ்வுட் ஊர்ப் பக்கமிருந்து தொடங்கினோம். 1968-ல் மாற்றுப்பாதை வந்ததும் கைவிட்ட சாலை இது. தார் வெடிப்பெல்லாம் புல், ஆனால் மலைச்சாலை என்றே தெரியாத அளவுக்கு மெதுவான ஏற்றம். முதலில் ரேஸ் ஹில் சுரங்கம். சுமார் ஒரு கிலோமீட்டர்தான், மறுமுனை வெளிச்சம் தெரிகிறது. சைட்லிங் ஹில் வேறு கதை. இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், நடுவில் தரை மேடு, அதனால் உள்ளே போனதும் கும்மிருட்டு. "ஆளுக்கொரு ஹெட்லேம்ப், கூடவே உதிரி பேட்டரி" என்று நீங்கள் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. எதிரே சைக்கிள்காரர்கள் வருகிறார்கள், அவர்களுக்கும் நாம் தெரிய வேண்டுமே!

எதிர்பாராதது குளிர். வெளியே வியர்வை, உள்ளே ஸ்வெட்டரைத் தேடினோம். கழிப்பறை, குடிநீர் எதுவும் வழியில் கிடையாது, பிரீஸ்வுட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.