கடலூர் கடலோரம்: இவ்வளவு மழை பெய்தும் போர் தண்ணீர் ஏன் உப்பாகவே இருக்கிறது?

தேவனாம்பட்டினத்தான்:
வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம்தான். 120 அடி போர். சில வருஷமாகத் தண்ணீர் கரிக்கிறது, குழாய் வாயில் வெள்ளையாகப் பூக்கிறது, பருப்பு வேக மாட்டேன் என்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடித்துப் பெய்ததில் கொல்லையில் இருக்கிற பழைய உறைகிணறு கைக்கு எட்டுகிற அளவுக்கு ஏறிவிட்டது, அதில் தண்ணீரும் இனிக்கிறது, ஆனால் போரில் ஒரு மாற்றமும் இல்லை. பெய்த மழையெல்லாம் எங்கே போகிறது? 400 அடிக்கு இறக்கினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்கிறார் போர் போடுகிறவர். இறக்கலாமா?

நெய்வேலி மண்:
அண்ணா, உறைகிணற்றில் இருப்பதும் போரில் வருவதும் ஒரே தண்ணீர் இல்லை. உங்கள் பக்கம் மேலே மணல், இடையில் களிமண், அதற்குக் கீழே கடலூர் மணற்கல். மழை மேல் மணலில் இறங்கி உறைகிணற்றுக்கு வந்துவிடும், களிமண்ணைத் தாண்டுவது கஷ்டம். மணற்கல்லில் இருக்கிற தண்ணீர் மேற்கே பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேட்டில், அந்த முந்திரிக்காடுகளில் பெய்த மழை. அங்கே அந்தப் பாறை தரைக்கே வந்துவிடுகிறது. அங்கே இறங்கும் தண்ணீர் சரிவில் கடலை நோக்கி மெல்ல நகர்ந்து வர ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்பதும் இதே மணற்கல் தண்ணீர்தான், அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளமே மேலே பிதுங்கிவிடும். அதனால் போன கார்த்திகை மழை உங்கள் போருக்கு வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

பாகூர் விவசாயி:
மேல் தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். உப்புத் தண்ணீர் கனம், நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அந்த ஒரு அடியை இறைத்துவிட்டால் கீழே இருக்கிற உப்பு அந்த 40 அடியும் ஏறப் பார்க்கும்! அதனால் உறைகிணற்றில் பெரிய மோட்டார் வைக்காதீர்கள். எங்கள் ஊரில் ஏரி நிரம்பினால் சுற்றி இருக்கிற கிணறுகளும் ஏறும், வீட்டளவில் மாடித் தண்ணீர்தான் உங்களுக்கு ஏரி. 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல். வடிகட்டி உறைகிணற்றில் விடுங்கள். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003லேயே கட்டாயம் ஆக்கினார்கள், ஆனால் தெருவில் பாதி வீட்டுக் குழாய் சாக்கடையைப் பார்த்துத்தான் நிற்கிறது, பார்த்தாலே வயிறு எரிகிறது.

நெய்வேலி மண்:
400 அடிக்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். ராத்திரி முழுக்க மோட்டாரை நிறுத்தி வையுங்கள், காலையில் போட்டதும் வருகிற தண்ணீரையும் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு வருவதையும் டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவைக் காட்டும் கருவி) பாருங்கள். போகப் போக உப்பு ஏறினால் இறைக்க இறைக்க உப்பை இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். முதலில் அதிகமாக இருந்து பிறகு குறைந்தால், மேலே நல்ல தண்ணீருக்கும் கீழே மணற்கல்லுக்கும் நடுவில் இருக்கிற உப்புத் தண்ணீர் கேசிங் (போர் ஓட்டைக்குள் பக்கம் சரியாமல் இருக்க இறக்குகிற குழாய்) வழியாக உள்ளே ஒழுகுகிறது.

தேவனாம்பட்டினத்தான்:
பார்த்துவிட்டேன் தம்பி. போட்டதும் 2,900, ஒரு மணி நேரம் கழித்து 1,100.

நெய்வேலி மண்:
அப்படியென்றால் ஒழுகல்தான். கீழே தண்ணீர் அவ்வளவு மோசமில்லை. கேமரா இறக்கிப் பார்க்கிறவரை வைத்து எந்த அடியில் ஒழுகுகிறது என்று பாருங்கள், உள்ளே சின்ன பைப் இறக்கி இடைவெளியைச் சிமெண்ட் பாலால் அடைக்க முடிகிறதா என்று கேளுங்கள். முடியாவிட்டால் அந்தப் போரைச் சும்மா விடாமல் அடியிலிருந்து மேல்வரை சிமெண்ட் போட்டு மூடிவிடுங்கள், திறந்து கிடந்தால் உப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். புதிதாகப் போட்டே ஆக வேண்டும் என்றால் கேசிங் களிமண்ணைத் தாண்டி இறங்க வேண்டும், சுற்றி சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டும். செலவு அதிகம் என்று போர் போடுகிறவர் தட்டிக்கழிப்பார், விடாதீர்கள். அடைக்காமல் 400 அடிக்கு ஓட்டை போட்டால் தெருவே குடிக்கிற அடித் தண்ணீருக்குள் உப்பு இறங்கிவிடும்.