லேடி ஆட்லிக்குப் பைத்தியம் என்று யார் சொன்னது?

ராத்திரிரயில்:
'கான் கேர்ள்' இரண்டாவது முறையாகப் படித்து முடித்தேன். 2012-ல் கில்லியன் ஃபிளின் செய்தது சாதாரண வேலை இல்லை. புருஷனை மாட்டிவிடுவதற்காகவே பொய் டைரி எழுதும் மனைவி, கடைசி வரை தண்டனை இல்லை, 'பாவம், புத்தி சரியில்லை' என்ற சமாதானமும் இல்லை. அவளுக்கு முன்னால் யாருக்கும் இந்தத் துணிச்சல் வந்ததில்லை. விக்டோரியா காலத்துப் பரபரப்பு நாவல்களைச் சிலர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அதில் தப்பு செய்யும் பெண்ணைக் கடைசியில் பைத்தியம் என்று சொல்லி அடைத்துவிட்டுக் கதையை முடித்துவிடுவார்கள். 'லேடி ஆட்லியின் ரகசியம்' அப்படித்தானே?

நெய்தல்:
அப்படி இல்லை. படிக்காமல் எழுதாதீர்கள். பல வருஷமாக எங்கே போனாலும் இதே வரியைப் பார்த்து எரிச்சலாகிவிட்டது. 1862-ல் புத்தகமாக வந்த மேரி எலிசபெத் பிராடனின் நாவல் அது. லேடி ஆட்லியைப் பார்க்க டாக்டர் மோஸ்கிரேவ் வருகிறார், அவளுடைய இரண்டாவது புருஷனின் சகோதரர் மகன் ராபர்ட் ஆட்லி அவரிடம் கதையைச் சொல்கிறான், அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறார். வீட்டை விட்டு ஓடினாள், வீடு நன்றாக இல்லை, அதனால் ஓடினாள், அதில் பைத்தியம் இல்லை. முதல் புருஷன் இருக்க இன்னொருவரைக் கட்டினாள், பணமும் அந்தஸ்தும் கிடைத்தது, அதிலும் பைத்தியம் இல்லை. மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்ததும் பதறாமல் திட்டம் போட்டாள், அதிலும் இல்லை. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? அவள் பைத்தியம் அல்ல. டாக்டரே சொன்னது.

பழையபேப்பர்:
நெய்தல் மேடம் வழக்கம்போல் பாதியை விரித்துக் காட்டிவிட்டு மீதியை மடித்து வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் டாக்டருக்கு முழு விஷயமும் தெரியாது. முதல் புருஷன் ஜார்ஜை அவள் கிணற்றில் தள்ளியதை ராபர்ட் சொன்ன பிறகு, அவளைத் தனியாகப் பார்த்துப் பேசிவிட்டு வந்து என்ன சொன்னார்? உள்ளே பதுங்கியிருக்கும் பைத்தியம் என்றார். ரத்தத்தில் கறை என்றார். அவள் அம்மா பைத்தியக்கார விடுதியில் இருந்தவள். அதையும் எழுதுங்கள்.

நெய்தல்:
கிணறு! ராபர்ட்டுக்கே அப்போது கிணற்று விஷயம் தெரியாது, சார். ஜார்ஜ் காணாமல் போனதையும் தன் சந்தேகத்தையும்தான் டாக்டரிடம் சொல்கிறான். கிணற்றுக் கதையை அவள் பெல்ஜியத்தில் பைத்தியக்கார விடுதியில் அடைபடப் போகும் நேரத்தில்தான் சொல்கிறாள். புத்தகத்தைத் திறக்காமல் எனக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டீர்கள். நீங்கள் சொன்ன அதே பேச்சிலேயே அடுத்த வரி என்ன? 'அந்தப் பெண் பைத்தியம் அல்ல. ஆனால் பரம்பரைக் கறை அவள் ரத்தத்தில் இருக்கிறது.' அதற்கடுத்து, 'அவள் ஆபத்தானவள்' என்கிறார். ஆபத்தானவள் என்பது வியாதியா?

பழையபேப்பர்:
கிணறு இல்லையென்றால் இல்லை, அது சின்ன விஷயம். 'கறை இருக்கிறது' என்றாரா இல்லையா?

மதுரைவாசகி:
எனக்கு ஒன்று புரியவில்லை. ராபர்ட் முன்னால் அவளே 'நான் பைத்தியம், அதனால்தான் அவனைக் கொன்றேன்' என்று கத்துகிறாளே. அவளைவிட டாக்டருக்கு அதிகம் தெரியுமா?

நெய்தல்:
மாட்டிக்கொண்ட நிமிஷத்தில் சொல்கிறாள் அம்மா! கொலைக்குத் தூக்கு என்றிருந்த காலம். அந்த ஒரு வார்த்தையில் கயிறு கழுத்திலிருந்து இறங்கிவிடும். கொஞ்சம் பின்னால் போய், ராபர்ட் தங்கியிருக்கும் காஸில் சத்திரத்தில் அவள் தீ வைக்கும் ராத்திரியைப் படியுங்கள். ராபர்ட் தூங்குகிறான் என்று நினைக்கும் அறையின் வாசலில் நிற்கிறாள், சாவி வெளிப்பக்கம் பூட்டிலேயே இருக்கிறது, அதைத் திருப்புகிறாள், அப்புறம் இன்னொரு முறை திருப்புகிறாள். இரண்டு முறை! மெழுகுவர்த்தியை ஜரிகைத் துணி தொங்கும் மேஜையில் துணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கி, முன்னாள் வேலைக்காரி ஃபீபியோடு இருட்டில் நடந்தே வீடு திரும்புகிறாள். பின்னால் மேட்டில் வானம் சிவக்கிறது. பைத்தியம் பிடித்தவள் சாவியை இரண்டு தடவை திருப்பிச் சரிபார்ப்பாளா? அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கை சில்லிட்டுப் போகும். ஃபிளினுக்கு 150 வருஷம் முன்னால் 26, 27 வயதுப் பெண் எழுதியது இது.

ராத்திரிரயில்:
சரி, ஆனால் கடைசியில் அடைத்துத்தானே வைக்கிறார்கள்? 'கான் கேர்ள்' மனைவி ஏமியை யாரும் அடைக்கவில்லை. முதலில் 'பைத்தியம்' என்று எதைச் சொல்கிறோம் என்று பேசிக்கொண்டால் நல்லது.

பழையபேப்பர்:
அதைப் பேச என்ன இருக்கிறது? டாக்டர் சொல்லிவிட்டார், கறை இருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன். பிராடன் யாரோடு வாழ்ந்தார்? பதிப்பாளர் ஜான் மாக்ஸ்வெல். அவருடைய மனைவி மனநோய் விடுதியில் உயிரோடு இருந்ததாகச் சொல்வார்கள். அந்த அம்மா இறந்த பிறகுதான், 1874-ல், இவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். பைத்தியக்கார மனைவி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசிக்கலாம்.

மதுரைவாசகி:
இது அநியாயம். நெய்தல் சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் பெண் எழுத்தாளர் என்றதும் ஏன் நேராகப் படுக்கையறைக்குப் போகிறீர்கள்? அதே காலத்து நாவலாசிரியர் வில்கி காலின்ஸ் கல்யாணமே செய்யாமல் இரண்டு பெண்களோடு இரண்டு குடித்தனம் நடத்தினார். அவர் கதையைப் பேசும்போது நீங்கள் ஒரு நாளாவது அதை எழுதியதுண்டா?

பழையபேப்பர்:
காலின்ஸைப் பற்றி இங்கே பேச வேண்டாம். பேசினால் நெய்தல் மறுபடி தேதியை எடுத்துக்கொண்டு வருவார்.

நெய்தல்:
வருவேன்தான்! போன மாதம் 'தி வுமன் இன் ஒயிட்' பற்றி நீங்கள் எழுதியதை மறக்கவில்லை. காலின்ஸ் கடிகாரம் போலக் கதை கட்டுவார், பிராடன் அவசரமாகக் கிறுக்குவார் என்றீர்கள். அந்தக் கடிகாரத்தில் கதாநாயகி லாரா லண்டனுக்குக் கிளம்பும் தேதி கிட்டத்தட்ட இரண்டு வாரம் தப்பு. 1860-ல் டைம்ஸ் பத்திரிகை விமர்சனத்திலேயே அதைப் பிடித்துவிட்டார்கள், காலின்ஸ் அடுத்த வருஷப் பதிப்பில் திருத்தினார். சதி முழுவதும் அந்தத் தேதியில்தான் தொங்குகிறது. அன்றைக்கு நான் கேட்டதற்கு இன்று வரை பதில் சொல்லவில்லை நீங்கள்.

பழையபேப்பர்:
திருத்தினார் இல்லையா? அதுதான் பதில்.

ஏட்டுச்சுவடி:
நம் ஊரிலும் இந்த மாதிரிக் கதைகள் உண்டே. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸைத் தழுவி எழுதியதை எங்கள் தாத்தா வரிசையாக வைத்திருந்தார். அதையும் சேர்த்துப் பேசலாமே.

நெய்தல்:
ரெயினால்ட்ஸ் 1840-களிலேயே வாரம் ஒரு பென்னிக்கு விற்ற ஆள். அவர் வேறு வரிசை. இங்கே பேசுவது டாக்டர் மோஸ்கிரேவைப் பற்றி.

ஏட்டுச்சுவடி:
எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் எல்லைக்கல் நடுவீர்களா?

நெய்தல்:
ராத்திரிரயிலுக்கு ஒன்று. உண்மையான வாரிசு 'கான் கேர்ள்' இல்லை, சாரா வாட்டர்ஸின் 'ஃபிங்கர்ஸ்மித்', 2002. முதல் பாகம் முடியும் இடத்தில் மாட் என்ற பெண்ணைப் பைத்தியக்கார விடுதியில் அடைக்கப் போகிறோம் என்று சூ என்ற பெண் வண்டியில் வருகிறாள், விடுதி ஆட்கள் பிடித்து இழுப்பது சூவை. புத்தி தெளிவாக இருக்கும் பெண்ணுக்குப் பைத்தியம் என்று பட்டம் கட்டுவது எவ்வளவு சுலபம் என்பதை வாட்டர்ஸ் அந்த ஒரு பக்கத்தில் காட்டிவிடுகிறார்.

ராத்திரிரயில்:
மேடம்!! நேற்றுத்தான் அதை வாங்கினேன், இன்னும் ஐம்பது பக்கம் தாண்டவில்லை. முன்னெச்சரிக்கையாக ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா?

நெய்தல்:
20 வருஷத்துக்கு மேலான புத்தகத்துக்கா? 2016-ல் கொரியாவில் படமாகவே வந்துவிட்டது.

ராத்திரிரயில்:
என் கையில் இருப்பது புதுப் புத்தகம். நீங்கள் படித்துவிட்டீர்கள் என்பதற்காக எல்லோரும் படித்துவிட்டதாக அர்த்தமா? ரொம்ப வருத்தமாக இருக்கிறது.

பழையபேப்பர்:
அதோடு அந்த ஆள்மாற்றம் 'தி வுமன் இன் ஒயிட்'டிலிருந்து வந்தது. லாராவை ஆனி என்ற வேறொரு பெண் என்று சொல்லி அடைப்பார்களே, அதேதான். காலின்ஸின் சொத்தைப் பிராடன் பெயரில் எழுதி வைக்கிறீர்கள்.

நெய்தல்:
எலேன் ஷோவால்டர் 1977-லேயே எழுதிவிட்டார், லேடி ஆட்லியின் உண்மையான ரகசியம் அவள் தெளிந்த புத்தியோடு இருந்ததுதான் என்று. நான் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை.

பழையபேப்பர்:
அமெரிக்கப் பேராசிரியர் சொன்னால் உடனே வேதவாக்கு. மோஸ்கிரேவ் சொன்ன 'கறை'க்கு மட்டும் காது கேட்காது.

நெய்தல்:
மூன்றாம் பாகம், ஐந்தாம் அத்தியாயம். திறந்து பாருங்கள். டாக்டர் முதலிலேயே ராபர்ட்டைப் பார்த்து, 'இவள் பைத்தியம் என்று நிரூபிக்கத்தானே விரும்புகிறீர்கள்' என்று கேட்டுவிடுகிறார். குடும்ப மானம் போகக் கூடாது, கோர்ட்டுக்குப் போகக் கூடாது, அதற்குத்தான் பெல்ஜியம். பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டி அவளை உயிரோடு புதைத்தாலும் இதைவிடப் பத்திரமாக உலகத்திலிருந்து மறைக்க முடியாது என்று அந்த டாக்டரே சொல்கிறார். அடுத்த அத்தியாயத்தின் தலைப்பே 'உயிரோடு புதைக்கப்பட்டாள்'. வியாதிக்காரிக்கு வைத்தியம் பார்க்கிறவன் இப்படியா பேசுவான்? 'அந்தப் பெண் பைத்தியம் அல்ல.' எத்தனை முறை எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

மதுரைவாசகி:
அப்படியென்றால் டாக்டர் பணத்துக்குப் பொய்ச் சீட்டு எழுதினார் என்கிறீர்களா? கதையில் அப்படி எங்கும் இல்லையே. அவரை நல்லவராகத்தான் பிராடன் காட்டுகிறார்.

நெய்தல்:
பணம் என்று நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள்.

பழையபேப்பர்:
பேச்சை மாற்றாதீர்கள். கறை என்றாரா இல்லையா? ஆம், இல்லை, ஒரே வார்த்தை.

நெய்தல்:
பைத்தியம் அல்ல என்றாரா இல்லையா? நீங்கள் முதலில் சொல்லுங்கள். அப்படியே அந்தத் தேதிக்கும்.