140 பக்க விவரக்குறிப்பு: தேடுவது யாருக்கும் கிடைப்பதில்லை, எப்படிச் சீரமைப்பது?

பீன்யா வாசி:
பெங்களூரில் தண்ணீர் மீட்டருக்கான தகவல் தொடர்புக் கருவி செய்கிறோம். அதன் தொழில்நுட்ப விவரக்குறிப்பு 140 பக்க பிடிஎஃப். மென்பொருள் எழுதுபவர்களும் சோதிப்பவர்களும் ஓயாமல் தொலைபேசியில் அழைத்து, "இது எங்கே இருக்கிறது?" என்றே கேட்கிறார்கள். இணைப்பு அறுந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதற்கு 4.2-இல் '5 வினாடி', பின்னிணைப்பில் 'போதுமான நேரம்'. பொருளடக்கத்தை விரிவாக்கியும் பயனில்லை. வழி சொல்லுங்கள்.

அல்சூர் தமிழன்:
பொருளடக்கத்தால் இது தீராது நண்பரே. இத்தகைய ஆவணத்தை யாரும் முதலிலிருந்து படிப்பதில்லை. ஒரு கேள்வியோடு நடுவில் வந்து இறங்குகிறார்கள். ஒவ்வொரு விதிக்கும் நிரந்தர அடையாள எண் கொடுங்கள். பிரிவு எண்ணை நம்பாதீர்கள். இடையில் ஒரு பிரிவு சேர்ந்தால் 4.2 என்பது 4.3 ஆகிவிடும், பழைய சோதனை அறிக்கைகளில் உள்ள குறிப்புகள் எல்லாம் பாழ். 'தொடர்பு-017' என்றால் அது என்றைக்கும் 017தான். விதியை நீக்கினாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குத் தராதீர்கள். 'நீக்கப்பட்டது' என்று எழுதி அங்கேயே விட்டுவிடுங்கள்.

'5 வினாடி' ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். பின்னிணைப்பில் அதற்கான சுட்டி போதும்.

எது விதி, எது விளக்கம் என்பதும் பார்த்தவுடன் தெரிய வேண்டும். இணைய நெறிமுறைகளில் கட்டாயம், பரிந்துரை, விருப்பம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களை 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2119 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறை ஆவணங்களின் வரிசை) வரையறுத்தது. அந்த ஆங்கிலச் சொற்கள் (MUST, SHOULD, MAY போன்றவை) பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள் என்று 2017-இல் ஆர்எஃப்சி 8174 தெளிவாக்கியது. 'போதுமான நேரம்' என்பதை வைத்துக்கொண்டு சோதிப்பவர் எப்படித் தேர்ச்சி என்று எழுதுவார்?

பீன்யா வாசி:
வாடிக்கையாளர் பிடிஎஃப்தான் கேட்கிறார்.

ஒயிட்ஃபீல்டு அக்கா:
கொடுங்கள் தம்பி. ஆனால் ஒரே மூலத்திலிருந்து இணையப் பக்கம், பிடிஎஃப் இரண்டையும் எடுங்கள். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் ஆவணங்களை எழுதப் பயன்படும் ரெஸ்பெக், பைக்ஷெட் என்ற மென்பொருள்கள் இரண்டுமே இலவசம். ஒரு சொல்லின் வரையறையைச் சொடுக்கினால், அது வேறு எங்கெல்லாம் வருகிறது என்று அவை காட்டும். வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் தர ஆவணத்தையும் பாருங்கள்: ஒரே பக்கமாக ஒன்று, பிரித்த பக்கங்களாக ஒன்று, உலாவி செய்பவர்களுக்கான பகுதிகளை விலக்கி வலைத்தளம் எழுதுபவர்களுக்கென இன்னொன்று. உங்களுக்கும் இரண்டு வகை வாசகர்கள் இருக்கிறார்களே!

140 பக்கத்தையும் ஒரேயடியாகத் தொடாதீர்கள். அதிகம் கேட்கப்படும் விதிகளிலிருந்து தொடங்குங்கள்.

பீன்யா வாசி:
நன்றி அக்கா. இப்படி எழுதியிருக்கிறேன்: 'தொடர்பு-017, கட்டாயம்: இணைப்பு அறுந்தால் கருவி 5 வினாடி காத்திருந்து மறுபடி முயல வேண்டும்.'

அல்சூர் தமிழன்:
நன்று. எத்தனை முறை முயன்றபின் நிறுத்த வேண்டும்? அதைத் தொடர்பு-018 ஆக்குங்கள், இதற்குள் சேர்க்காதீர்கள்.