அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி: தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம் அடைப்பு. விழுந்தது வலது கையும் காலும். கை கால்களை அசைக்கும் நரம்புகளில் பெரும்பாலானவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் குறுக்கே மாறி எதிர்ப்பக்கம் இறங்குவதால்தான் இப்படியாம். கால் பரவாயில்லை, சுவரைப் பிடித்து நடக்கிறார். பேச்சுதான் வரவில்லை. 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா அடையாளம் காட்டிய, பேச்சுக்கான இடது நெற்றிமடல் (மூளையின் முன்பக்கம்) பகுதியும் அடிபட்டிருக்கிறது.

நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. நேற்றுக் காலை காலி டம்ளரை இடது கையால் தூக்கிக் காட்டி "கா... கா..." என்று திணறினார். 'பி' வரவே இல்லை. கண் கலங்கிவிட்டார். ஆனால் நான் "ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு" என்று ஆரம்பித்தால் தடங்கலில்லாமல் கூடவே சொல்கிறார் (கணக்கு வாத்தியார் அவர்). முருகன் பாட்டையும் வார்த்தை பிசகாமல் பாடுகிறார்!

ராகமாகச் சொல்லவைத்துப் பேச்சை மீட்கும் பயிற்சி ஒன்று உண்டு. அதைத் தமிழில் செய்யும் பேச்சுப் பயிற்சியாளர் மதுரைப் பக்கம் யாராவது இருக்கிறார்களா? வீட்டில் இதைக் கடந்தவர்கள் தினமும் எவ்வளவு நேரம் பயிற்சி கொடுத்தீர்கள்? அவர் மனசு தளர்ந்து உட்கார்ந்துவிடும்போது என்ன செய்தீர்கள்?