தீபாவளி வெடிக்கு நடுங்கும் நாட்டு நாய், தூங்க மாத்திரை கொடுக்கலாமா?

வைகைக்கரை:
மதுரையில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி இருக்கிற தெரு எங்களுடையது. வீட்டில் கருப்பன் என்று ஒரு நாட்டு நாய். மற்ற நாளில் தெருவுக்கே அவன்தான் காவல், ஆனால் போன தீபாவளிக்குச் சரவெடி ஆரம்பித்ததும் கட்டிலுக்கு அடியில் போனவன் மறுநாள் மதியம் வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று 2018-லிருந்து அரசு நேரம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, எங்கள் தெருவில் கங்கா ஸ்நானம் முடிந்த கையோடு நாலு மணிக்கே அணுகுண்டு. அலுவலகத்தில் ஒருவர் பாதி அவில் மாத்திரை கொடு, தூங்கிவிடும் என்கிறார். மாமனார் மொட்டைமாடியில் கட்டிப்போடு, தானாகப் பழகிவிடும் என்கிறார். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, என்ன செய்யலாம்?

செவலை:
மாடியில் மட்டும் கட்டாதீர்கள் அண்ணா. ஓடி ஒளிய வழியில்லாமல் பயப்படுகிற நாய் பழகாது, அடுத்த வருடம் இன்னும் அதிகமாகத்தான் பயப்படும், சங்கிலியோடு மாடியிலிருந்து குதித்தால் அதோடு முடிந்தது. கட்டிலடி அவனே பிடித்துக்கொண்ட இடம், அதையே வசதியாக்கிக் கொடுங்கள்: உங்கள் பழைய லுங்கி, ஒரு கிண்ணம் தண்ணீர், ஜன்னலைச் சாத்தித் திரை, ஃபேனும் டிவியும் ஓடட்டும். இருட்டும் முன்பே வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள், அதுவும் கயிற்றோடு. கழுத்துப் பட்டையில் போன் நம்பரை எழுதிவிடுங்கள். வெடிக்குப் பயந்து ஓடுகிற நாய்க்கு வீட்டுக்கு வரும் வழி தெரியாது.

கீழவாசல்:
எல்லாம் சரி, ஆனால் நடுங்கும்போது கொஞ்சாதீர்கள். கொஞ்சினால் பயப்படுவது நல்லது என்று நினைத்துக்கொள்ளும். கண்டுகொள்ளாமல் விடுங்கள்.

ஊசிமருந்து:
கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிறேன். கீழவாசல் அண்ணன் சொல்வது பழைய நம்பிக்கை. பயம் ஒன்றும் வேண்டுமென்றே செய்கிற சேட்டை இல்லையே, தடவிக்கொடுப்பதால் அது அதிகமாகாது. அவன் பக்கத்தில் வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள், ஒளிந்துகொண்டால் இழுக்காதீர்கள்.

அவில் வேண்டாம். அது ஒவ்வாமைக்கான மருந்து, தூக்கம் வருவது அதன் பக்கவிளைவு, பயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏசிபுரோமசின் என்ற மயக்கம் தரும் மருந்தை மட்டும் கொடுப்பதிலும் இதே சிக்கல்: உடம்பு அசையாது, உள்ளே பயம் அப்படியே இருக்கும், பார்க்கிற நமக்குத்தான் நிம்மதி. டிராசோடோன், கேபாபென்டின் போன்றவை பதற்றத்தையே குறைக்கும். ஆனால் எடை பார்த்து டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும், தீபாவளிக்கு முன்பே ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். முதல் நாள் இரவு வந்து நிற்பவர்களுக்கு எங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை, அதனால் இந்த வாரமே போய்விடுங்கள்.

மூன்று வாரத்தில் முழுதாகச் சரியாகாது, இருந்தாலும் தொடங்கலாம். போனில் வெடிச் சத்தத்தை மிக மெதுவாக ஓடவிட்டு, சத்தம் கேட்ட பிறகு ஒரு துண்டு ஈரல். சத்தம் முதலில், ஈரல் பிறகு, இந்த வரிசை மாறக் கூடாது. காதை மடக்கினாலோ தின்ன மறுத்தாலோ சத்தம் அதிகம் என்று அர்த்தம், குறையுங்கள். இன்னொன்று, உலர் திராட்சை போட்ட லட்டு எட்டும் இடத்தில் இருக்க வேண்டாம், திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மாடிப்பூனை:
பூனைக்கும் இதேதான், ஆனால் மணல் தட்டை அறைக்குள்ளேயே வையுங்கள். பாரசிட்டமால் மட்டும் தெரியாமல்கூடக் கொடுத்துவிடாதீர்கள், உயிர் போய்விடும். தெரு நாய்களுக்கு நாங்கள் அன்று இரவு கார் நிறுத்தும் இடத்தின் கேட்டைத் திறந்து சாக்கு விரித்துவிடுவோம்.

சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காக ஊரே வெடி வெடிப்பதில்லை. நம் தெருவில் இதைச் சொன்னால் நம் காலடியிலேயே லட்சுமி வெடி வைப்பார்கள், அது வேறு கதை.

வைகைக்கரை:
நன்றி, சனிக்கிழமை டாக்டரிடம் போகிறோம். மாமனாரிடம் பேசிவிட்டேன், ஈரல் கொடுக்கும் வேலையை அவரே செய்கிறாராம். எதிர்வீட்டுக்காரரிடம் பத்தாயிரம் வாலாவைத் தெருமுனையில் கொளுத்தச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாமா?

செவலை:
கேளுங்கள், ஆனால் வெடி வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். வாங்கிய பிறகு யாரும் காது கொடுப்பதில்லை.