மறு: ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் – மீளமைப்பு வேண்டாம், மறுகட்டமைப்பு போடலாம்

> உள்நாட்டுப் போர் முடிந்து பிரிந்த மாநிலங்கள் திரும்பச் சேர்ந்த காலம்தானே, மீளமைப்பு என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, வணக்கம். மீளமைப்பு சின்னச் சொல், நல்ல சொல். ஆனால் நம் கலைச்சொல் பட்டியலில், அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த இந்தக் காலத்துக்கு அதை வைத்தால் அன்றைய சண்டையில் ஒரு கட்சியின் பக்கம் போய் நின்றுவிடுவோம்.

லிங்கன் 1865 ஏப்ரலில் கொல்லப்பட்டதும் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சனுக்கு ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற பேச்சே பிடிக்கவில்லை, ரெஸ்டோரேஷன், அதாவது பழையபடி ஆக்குவது, என்றுதான் சொல்ல விரும்பினார். தென் மாநிலங்கள் சட்டப்படி பிரியவே இல்லை, ஆகவே உறுதிமொழி வாங்கிக்கொண்டு மன்னித்து, பழைய இடத்தில் உட்காரவைத்தால் வேலை முடிந்தது என்பது அவர் கணக்கு. அதற்கு முன்பே, 1865 ஜனவரியில், வடக்குப் படைத் தளபதி ஷெர்மன் தென்கிழக்குக் கடலோரத்தில் கறுப்பினக் குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க ஆணையிட்டிருந்தார். ஜான்சன் அந்த நிலத்தில் பெரும்பகுதியைப் பழைய முதலாளிகளிடமே திரும்பச் சேர்த்தார். மிசிசிப்பி அந்த ஆண்டே ஒரு சட்டம் போட்டது: அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானவர்கள் வருடாவருடம் ஜனவரியில் வேலைக்கோ வீட்டுக்கோ எழுத்துச் சான்று வைத்திருக்க வேண்டும். சான்று இல்லாவிட்டால் நாடோடி என்று அபராதம், கட்ட முடியாதவனை அபராதம் கட்டுகிறவனிடமே கூலிக்கு அனுப்பிவிடுவார்கள். மீளமைப்பு என்ற சொல் இதற்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள்! ஜான்சனின் ரெஸ்டோரேஷனுக்கு அதை ஒதுக்கி வைத்துக்கொள்வோம்.

நாடாளுமன்றம் செய்தது வேறு. ஜான்சனின் தடையை மீறி 1866இல் குடிமை உரிமைகள் சட்டம், 1867இல் பத்துத் தென் மாநிலங்களை ஐந்து இராணுவ மாவட்டங்களாக்கி, கறுப்பின ஆண்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அவைகள் புது மாநில அரசமைப்பை எழுதினால்தான் திரும்பச் சேர்ப்போம் என்ற நிபந்தனை. அடிமைமுறை ஒழிப்பு, குடியுரிமை, இனம் பாராத வாக்குரிமை ஆகியவற்றுக்கான அரசமைப்பின் 13, 14, 15ஆம் திருத்தங்கள் 1865க்கும் 1870க்கும் இடையில் நிறைவேறின. அந்தச் சான்றுச் சட்டம் போட்ட அதே மிசிசிப்பியிலிருந்து 1870இல் ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் செனட்டுக்குப் போனார். இது பழையதற்குத் திரும்பியதல்ல, முன்பு இல்லாத ஒரு நாட்டைக் கட்டப் பார்த்த முயற்சி.

தமிழில் ‘மீள்’ என்றாலே போன இடத்திலிருந்து திரும்பி வருவதுதான். ‘மறு’ அப்படியில்லை, மறுபடி என்ற பொருளோடு வேறு என்ற பொருளும் அதில் ஒட்டியிருக்கிறது: மறுகரை, மறுநாள், மறுபிறவி. மறுபிறவி எடுத்தவன் பழைய உடம்போடு வருவதில்லையே. அதனால்தான் மறுகட்டமைப்பு என்கிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1870களில் தெற்கில் ஆட்சியைத் திரும்பப் பிடித்த வெள்ளையர் கட்சியினர் தங்களை ரிடீமர்ஸ் என்று அழைத்துக்கொண்டார்கள், விவிலியச் சொல் அது, நம் கிறித்தவத் தமிழில் மீட்பர். 1877இல் ஹேய்ஸ் அதிபராகி, லூசியானாவிலும் தென் கரோலினாவிலும் ஆட்சி மன்றங்களைக் காத்து நின்ற படையை விலக்கியதோடு அவர்களுடைய ‘மீட்பு’ முடிந்தது. கலைச்சொல் பட்டியலில் மீளமைப்பும் மீட்பும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் படிக்கிற பிள்ளை இரண்டும் ஒரே தரப்பின் வேலை என்றுதான் நினைக்கும். மீட்பர்கள் என்பதை மேற்கோள் குறிக்குள் மட்டும் போடுவோம், அது அவர்களே சூட்டிக்கொண்ட பட்டம்.

மறுசீரமைப்பு என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். நம் ஊரில் அது மொழிவாரி மாநிலப் பிரிப்பை நினைவூட்டும், அது கூடப் பரவாயில்லை, ‘சீர்’ தான் எனக்கு உறுத்துகிறது. 1873 ஈஸ்டர் ஞாயிறன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் வெள்ளையர் கும்பல் சரணடைந்த கறுப்பினத்தவர்களையும் சுட்டுக் கொன்றார்கள். சீரானதா இல்லையா என்று கலைச்சொல்லே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. புனரமைப்பு சாலைக்கும் குளத்துக்கும் சரி.

மறுகட்டமைப்பு என்றால் பாலமும் கட்டடமும்தானே தோன்றும் என்ற மறுப்பு வரும். ஆங்கிலச் சொல்லிலும் அது அப்படியே இருக்கிறது, ‘காலம்’ சேர்த்து மறுகட்டமைப்புக் காலம் என்று போட்டால் தெளிந்துவிடும். வருடம் 1865–1877 என்றே கொடுக்கலாம், லிங்கனின் 1863 ஜனவரி அடிமை விடுதலைப் பிரகடனத்திலிருந்து கணக்கிடுகிறவர்களும் உண்டு என்று ஒரு வரி சேர்த்து.

அப்புறம் ஷேர்க்ராப்பிங், அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தில் உழுவது. பங்குப்பயிர் என்று யாரும் புதிதாக ஆக்க வேண்டாம், வாரம் என்று நம்மிடமே இருக்கிறது. நிலம் கிடைக்காமல் போனவர்கள் பழைய பண்ணையிலேயே வாரத்துக்கு உழுது, விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடைக்காரனிடம் வரப்போகும் பருத்தியை ஈடாக வைத்துக் கடனில் மூழ்கினார்கள். வாரச் சாகுபடி என்றால் தஞ்சாவூர்க்காரருக்கு விளக்கமே தேவையில்லை. குத்தகை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அங்கே தொகை முன்கூட்டியே முடிவாகிவிடும்.

கார்ப்பெட்பேக்கர் என்பதற்கு வந்தேறி சரியாக விழுகிறது, வடக்கிலிருந்து வந்தவர்களைத் தெற்கத்தி வெள்ளையர் அதே வெறுப்போடுதான் சொன்னார்கள். ஆனால் இன்றைய நம் அரசியல் சூடு அதில் ஏறியிருப்பதால் ஒலிபெயர்ப்பாகவே விடலாம் என்று படுகிறது. மறுகட்டமைப்புக் கால ஆட்சிக்கு ஆதரவு தந்த தெற்கத்தி வெள்ளையர்களைத் திட்டிய ஸ்கேலவாக் என்ற சொல்லுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் அகப்படவில்லை. துரோகி என்றால் கனம் கூடிப்போகிறது, போக்கிரி என்றால் அரசியலே போய்விடுகிறது.