நாம இருக்கிறது நிஜமா, சிமுலேஷனா? வாய்டு டெக் சண்டையின் தொடர்ச்சி

கோப்பி_ஓ_கோசோங்
நேத்து ராத்திரி எங்க புளோக் வாய்டு டெக்ல (அடுக்குமாடிக்குக் கீழ இருக்கிற திறந்த தளம்) நாலு பேரு ஆரம்பிச்ச பேச்சு முடியல, இங்க கொண்டு வர்றேன். நான் கேம் டிசைன் படிக்கிறவன். ஒரு பக்கமா சாய்ஞ்சுதான் பேசுவேன், முன்னாடியே சொல்லிடுறேன்.

நிக் போஸ்ட்ரம்னு ஒரு தத்துவப் பேராசிரியர் 2003-லயே நிரூபிச்சுட்டார், நம்ம உலகமே ஒரு சிமுலேஷன்தான்னு. ரொம்ப முன்னேறின ஒரு கூட்டம், தன் மூதாதையர் வாழ்ந்த காலத்த கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்க்குதுன்னு வைங்க. ஒரு தடவ இல்ல, கோடி தடவ. அப்ப அசல் ஆளு ஒருத்தனுக்கு நகல் ஆளு கோடி பேரு. அந்த ஒரு அசல் நீங்கதான்னு எப்படிச் சொல்வீங்க? ஈலோன் மஸ்க்கும் 2016-ல இதத்தான் சொன்னார். நம்ம முன்னோர் அப்பவே எல்லாம் மாயைன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. மறுக்கிறவங்க வாங்க.

ஈசூன்_வாசி
தம்பி, போஸ்ட்ரம் எழுதினதப் படிச்சீங்களா, இல்ல யாரோ பேசின வீடியோவப் பார்த்தீங்களா? அவர் அப்படி எதையும் நிரூபிக்கல. மூணுல ஒண்ணாவது உண்மையா இருக்கணும்னுதான் சொன்னார். நம்மள மாதிரி இனங்கள் அந்த அளவுக்கு வளர்றதுக்குள்ள அநேகமா எல்லாமே அழிஞ்சிடும். இல்ல, வளர்ந்தும் இந்த மாதிரி மூதாதையர் விளையாட்டுல அநேகமா யாரும் இறங்க மாட்டாங்க. இல்ல, நாம சிமுலேஷனுக்குள்ள இருக்கோம். ஊர்ல சுத்துறது மூணாவது மட்டும்தான், ஏன்னா அதுதான் கேட்க ஜோரா இருக்கு.

அதுக்கும் முன்னாடி ஒரு விஷயம். மனசு மூளையிலதான் ஓடணும்னு இல்ல, கம்ப்யூட்டர் சிப்லயும் ஓடும்னு அவர் ஆரம்பத்துலயே எடுத்துக்கிறார். அதை ஒரு அனுமானமாத்தான் வெளிப்படையா சொல்றார். அது விழுந்தா மத்ததும் விழும்.

நம்ம ஊர்லயே பாருங்க. 2014-ல அறிவிச்ச 'விர்ச்சுவல் சிங்கப்பூர்' தீவு முழுசுக்கும் ஒரு முப்பரிமாண நகல். எந்த மாடியில எவ்வளவு வெயில் விழும், காத்து எந்தச் சந்துல அடைபடும்னு பார்க்கலாம். அதுக்குள்ள ஒரு புயல் மழைய ஓட்டுங்க, யாரு நனைவா? ஜான் சர்ல்னு ஒரு தத்துவவாதி 1980-லயே கேட்டது இது.

கோப்பி_ஓ_கோசோங்
'நிரூபிச்சுட்டார்' தப்புதான் அண்ணே, வாபஸ். ஆனா மழை உதாரணத்த விடமாட்டேன். வெளியில நிக்கிற நீங்க நனைய மாட்டீங்க, சரி. உள்ள ஒருத்தன் இருந்தா அவன் நனைவான், குடை தேடுவான். நம்ம கேள்வியே நாம உள்ள இருக்கோமாங்கிறதுதானே? வெளியில நின்னுக்கிட்டு தரை காஞ்சிருக்குன்னு காட்டுறது சாட்சி ஆகுமா?

செங்காங்_அக்கா
உள்ளயோ வெளியயோ தெரியல, சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல நனைஞ்ச செருப்பு இன்னும் காயல.

ஈசூன்_வாசி
சரி, உள்ள ஆள் இருந்தா நனைவான். 'இருந்தா'ங்கிறதுலதான் சண்டையே. அந்த நகல்ல இப்ப கட்டடமும் மரமும்தான் இருக்கு.

செலவையும் பாருங்க. வெறும் 300 குவாண்டம் துகள், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டே நிலைன்னு வச்சாலும், எல்லாம் சேர்ந்த நிலைய சாதாரண கம்ப்யூட்டர்ல முழுசா எழுத 2-இன் 300-ஆவது அடுக்கு எண்கள் வேணும். நம்ம கண்ணுக்கு எட்டுற அண்டத்துல மொத்த அணுக்களே 10-இன் 80-ஆவது அடுக்கு பக்கம்தான். இது அதைவிடப் பெருசு. எந்த சர்வர் ரூம்ல வைப்பீங்க?

கோப்பி_ஓ_கோசோங்
அண்ணே, இது எங்க ஏரியா. கேம்ல மூடின கதவுக்குப் பின்னாடி அறையே இருக்காது. நீங்க கதவத் திறக்கும்போதுதான் அது வரும். உலகம் முழுக்க ஒவ்வொரு துகளையும் ஓட்டணும்னு யார் சொன்னா? மனுஷங்க மனசும் அவங்க பார்க்கிறதும் போதும். போஸ்ட்ரம் போட்ட தோராயக் கணக்குல மனித வரலாறு மொத்தத்துக்கும் 10-இன் 33-இலிருந்து 36-ஆவது அடுக்கு வரைக்கும்தான் கணக்கீடு. பெருசுதான், ஆனா முடியாத காரியம் இல்ல. அதுவும் இல்லாம, நம்மள ஓட்டுற, மேல இருக்கிற உலகத்துக்கு நம்ம இயற்பியல்தான்னு கட்டாயமா?

ஈசூன்_வாசி
கடைசி வரி நியாயம். என் பக்கத்துல சிலர் செய்ற தப்பையும் சொல்லிடுறேன். 2017-ல ஒரு ஆய்வு வந்தப்ப 'நாம சிமுலேஷன்ல இல்லைன்னு நிரூபணம்'னு செய்தி ஓடிச்சு. அதுல இருந்தது அதில்ல. ஒரு குறிப்பிட்ட கணக்கு முறையால சில குவாண்டம் நிகழ்வுகள திறம்பட ஓட்ட முடியாதுன்னுதான் இருந்தது. அத நான் ஆதாரமா இழுக்க மாட்டேன்.

ஆனா எந்தக் கேள்வி கேட்டாலும் 'மேல வேற விதி'ன்னு சொல்லிட்டா, அப்புறம் பேச்சு எதுக்கு? நம்ம வட்ட ரயில் பாதை ஞாபகம் இருக்கா? 2016-ல ரயில்கள் சிக்னல் இழந்து திடீர் திடீர்னு பிரேக் போட்டு நின்னுச்சு. எந்த ரயில், எந்த இடம், எந்த நேரம், எதுலயும் ஒரு ஒழுங்கு தெரியல. அரசாங்கத் தரவு அறிவியலாளர்கள் எல்லாச் சம்பவத்தையும் நேரம் ஒரு அச்சு, இடம் ஒரு அச்சுன்னு படம் போட்டாங்க. புள்ளிகள் சாய்வா ஒரே கோட்டுல நகர்ந்துச்சு. எதிர்த்திசையில போன ஒரு ரயில், பிவி46, தன்ன கடந்து போற ரயில்களோட சிக்னலக் கெடுத்துக்கிட்டே போயிருக்கு. அந்த ரயிலோட சொந்த சிக்னல் போகல, அதனால அது பட்டியல்லயே வரல!

எனக்கு வேண்டியது அப்படி ஒரு சாய்கோடு. 2012-ல மூணு இயற்பியலாளர்கள் ஒண்ணு முன்வச்சாங்க. வெளி ஒரு கட்டம் போட்ட தாள் மாதிரி இருந்தா, விண்வெளியிலிருந்து வர்ற, ரொம்ப அதிக ஆற்றல் உள்ள காஸ்மிக் கதிர்கள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வராது, கட்டம் எந்தத் திசையில ஓடுதுன்னு அதுல தெரியும்னு. அப்படி ஒரு கட்டம் இதுவரைக்கும் பிடிபடல.

கோப்பி_ஓ_கோசோங்
பிடிபட்டாலும் என்ன சொல்வீங்க? 'வெளிக்குக் கட்ட அமைப்பு இருக்கு'ன்னு புதுசா ஒரு விதி எழுதிப் பாடப்புத்தகத்துல சேர்த்துடுவீங்க. ஒளிக்கு விநாடிக்கு 29,97,92,458 மீட்டர்னு ஒரு உச்சவரம்பு இருக்கு. எங்களுக்கு அது பிராசசர் லிமிட் மாதிரி தெரியுது, உங்களுக்கு இயற்கை விதி.

ஈசூன்_வாசி
நீங்க சொன்னது என் கட்சிக்குச் சாதகம் தம்பி. எந்தச் சோதனையாலும் ரெண்டையும் பிரிக்க முடியாதுன்னா, ஒரே பொருளுக்கு ரெண்டு பேர் வைக்கிறோம்.

ஓய்வுபெற்ற_சித்தாந்தி
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். தம்பி முதல் பதிவில் 'மாயை' என்று போகிற போக்கில் போட்டுவிட்டார். இரண்டு நாளாக மனம் உறுத்துகிறது. கயிற்றைப் பாம்பென்று காண்பது போல் உலகம் தோற்றம் மட்டுமே என்பது அத்வைதிகள் வழக்கு. சைவ சித்தாந்தத்தில் மாயை பொய் அன்று. அது உள்பொருள், உலகுக்கு முதற்காரணம். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மெய்கண்டார் சிவஞான போதத்தின் 12 சூத்திரங்களில் முதலாவதே, உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதைக் கொண்டு அதற்கு ஒரு கர்த்தா உண்டு என்று காட்டுவது. தோன்றுவதால் பொய் என்று அவர் சொல்லவில்லை.

கோப்பி_ஓ_கோசோங்
ஐயா, அப்ப ஹார்டுவேர்தான் மண்ணு, புரோகிராமர்தான் குயவன்! நீங்க என் கட்சி.

ஓய்வுபெற்ற_சித்தாந்தி
அவசரப்படாதீர்கள். உங்கள் புரோகிராமருக்கு மேலே இன்னொரு புரோகிராமர் இருக்கலாம் என்று போஸ்ட்ரமே ஒப்புகிறார். மின்சாரம் நின்றால் அவர் வேலை நிற்கும். கட்டுக்குள் இருப்பவன் பதி, அதாவது இறைவன், ஆக மாட்டான். அவரும் நம்மைப் போல ஒரு பசுதான் (சித்தாந்தத்தில் கட்டுண்ட உயிருக்குப் பசு என்று பெயர்), கொஞ்சம் வசதியான தொழுவத்தில் இருக்கிறார்.

ஈசூன்_வாசி
😂 ஐயா, இதுக்கு ஒரு தே தாரிக் வாங்கித் தர்றேன்.

தம்பி, ஒரே கேள்வி. எது தெரிஞ்சா இந்த நினைப்ப விடுவீங்க?

கோப்பி_ஓ_கோசோங்
(அரை மணி நேரம் யோசிச்சேன், நக்கல் பண்ணாதீங்க.) ரெண்டு இருக்கு. சிப்ல மனசு ஓடவே ஓடாதுன்னு உறுதியா தெரிஞ்சா விட்டுடுவேன். ஓடும்னு தெரிஞ்சும், நம்ம ஆளுங்க எல்லாரும் சேர்ந்து ஓட்ட மாட்டோம்னு நின்னாங்கன்னா, அப்பவும் பாதி விட்டுடுவேன், அது போஸ்ட்ரமோட ரெண்டாவது வழி. ஆக காஸ்மிக் கதிர்ல தேடினது தப்பு. மூளையிலதான் தேடணும்.

ஈசூன்_வாசி
இது பதில். இதுக்கு மேல மறுக்க என்கிட்ட இல்ல, ஒண்ணத் தவிர: இதுல தோக்க வழி இருக்கு, ஜெயிக்க வழி காணோம். சிப்ல மனசு ஓடினாலும் நாம அதுக்குள்ளன்னு ஆகிடாது.

செங்காங்_அக்கா
செருப்பு காஞ்சிடுச்சு, இப்ப பேசுறேன். நான் வார்டுல நர்ஸ். ஓட்ட முடியும்னே வைங்க. மூதாதையர் காலம்னா பஞ்சமும் கொள்ளை நோயும் அப்படியே வரும்தானே? உள்ள இருக்கிறவன் நனைவான்னு தம்பியே சொல்லிட்டான், அப்ப அவனுக்கு வலிக்கவும் செய்யும். ராத்திரி மூணு மணிக்கு மூச்சு வாங்குற ஒருத்தர் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னவங்க யாரும் அத இன்னொரு கோடி தடவ ஓட்டிப் பார்ப்போம்னு சொல்ல மாட்டாங்க.

கோப்பி_ஓ_கோசோங்
அக்கா, அப்ப உங்க ஓட்டு ரெண்டாவதுக்கு.

செங்காங்_அக்கா
போட்டாச்சு. காலையில 7 மணிக்கு ஷிஃப்ட், நான் தூங்கணும்.